மூன்றாம் வரிசை, ஐந்தாம் புள்ளி

2008 ஐப்பசியில் ஒரு நடுப்பகல், கிளிநொச்சியிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கூரைத் தகரம் கழற்றப் போனேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்திருந்த தர்மபுரத்தில் மகள் சுகந்தினி ஒரு தறப்பாள் கூரையின் கீழ் இருந்தாள். உழவு இயந்திரம் ஓட்டி வந்த சங்கிலி என்பவன் வாசல் படலையடியில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான்.

"ஒரு மணிநேரந்தாண்ணே. மேல வண்டு சுத்துது."

வேவு விமானத்தை எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அதன் இரைச்சலைத் தவிர ஊரில் வேறு சத்தமில்லை. நாய்கள்கூடப் போய்விட்டிருந்தன.

பதினாறு நாட்களுக்கு முன்னர் இந்த முற்றத்தில் விழுந்த எறிகணையில் என் மனைவி கமலாட்சி இறந்தாள்.

அவள் இலத்திரனியல் படிப்பித்தவள். அறுபத்துநான்கு சிறு சிவப்பு விளக்குகளை ஒரு பலகையில் எட்டு வரிசையாகப் பதித்து, கையாலேயே ஒரு திரை செய்திருந்தாள். திரை தன் புள்ளிகளுக்கு வரிசை வரிசையாகத்தான் மின்னைக் கொடுத்துக்கொண்டு போகும். அடுத்த சுற்று வரும்வரை ஒவ்வொரு புள்ளியும் கிடைத்ததைத் தானே பிடித்துவைத்திருக்க வேண்டும். பிடித்துவைக்கும் கொள்ளளவியிலிருந்து மின் கசிந்தால் ஒளி மங்கும். மறுபடி நிரம்பும்போது தெளியும். அதுதான் சிமிட்டல். கசிவை அடைக்க ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாக ஒரு மின்சுற்று வரைந்து பொருத்தினாள்.

"நேர பாத்தால் கண் ஏமாத்தும். ஓரக்கண்ணாலை பாருங்கோ, சிமிட்டினால் தெரியும்" என்பாள். நான் கிட்டப் போனால், "வாத்தியார், கையைப் பின்னாலை கட்டுங்கோ. ஆனையிறவு உப்பளமே உங்கடை விரலிலைதான் இருக்கு." வியர்வையின் உப்புப் பட்டாலே போதும், மின் கசிய வழி கிடைத்துவிடும்.

ஆடியில் ஒருநாள் கூரை ஒழுகியது. அவள் வீட்டில் இல்லை. பலகையை அவசரமாக வெறுங்கையால் தூக்கி நகர்த்தினேன். அன்று மாலை ஒரு புள்ளி சிமிட்டியது. மூன்றாம் வரிசை, ஐந்தாம் புள்ளி.

"நீங்கள் தொடேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

அவள் நம்பினாள். பிழை தன் சுற்றில்தான் என்று இரண்டரை மாதம் வரைந்து வரைந்து அழித்தாள். நாட்கள் போகப் போக எனக்குச் சொல்வது கடினமாகிவிட்டது. இடம்பெயர்ந்த காலையிலும், "பிள்ளையோடை முன்னுக்குப் போங்கோ. அந்த ஒரு கொள்ளளவியை மாத்திப்போட்டுச் சைக்கிளிலை வாறன்" என்றுதான் பின்னுக்கு நின்றாள்.

தகரம் ஒரு சாட்டு. நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன்.

கதவைத் திறந்ததும், அவள் பற்றாசு வைக்கும்போது எழும் ஈயப்புகை மணத்தது.

சங்கிலி கூரையில் ஏறினான். நான் அவளுடைய அறைக்குள் போனேன். மேசை, கதிரை, பலகை எல்லாம் அப்படியே இருந்தன. அழுக்குக் கழுவும் ஸ்பிரிட் போத்தலும் பழைய பல்துலக்கியும் பலகைக்குப் பக்கத்தில் இருந்தன. ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோலை எடுத்தேன்.

அது சூடாக இருந்தது.

கீழே வைத்தேன். பலகை இருண்டு கிடந்தது. அதன் பற்றரி அன்றைக்கே எங்களோடு தர்மபுரம் போய்விட்டது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பினேன்.

ஓரக்கண்ணில் பலகையின் விளக்குகள் எரிந்தன.

அறுபத்துமூன்று புள்ளிகள் அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் சிமிட்டியது.

நேரே பார்த்தேன். இருட்டு.

மேலே ஒரு தகரம் கழன்றது. வெயில் உள்ளே விழுந்தது. சங்கிலி குனிந்து பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"உள்ள யாருண்ணே உக்காந்திருக்கிறது?"

"நான்தான்."

"நீங்க நிக்கிறீங்க. கதிரையில இருக்கிறது?"

நான் திரும்பவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கமலா, நான்தான் தொட்டனான்" என்றேன். "உம்மடை சுற்றிலை ஒரு பிழையும் இல்லை."



பிறகு எனக்குப் பின்னால் மெதுவாக, சரக், சரக்.

பல்துலக்கி தேய்க்கும் சத்தம்.

அது நின்றபோது ஓரக்கண்ணில் எந்தப் புள்ளியும் சிமிட்டவில்லை. திரும்பினேன். கதிரை வெறுமையாக இருந்தது. பலகையில் என் பெருவிரல் பட்ட இடம் ஈரமாக இருந்தது. ஸ்பிரிட் போத்தலின் மூடி கழன்று கிடந்தது.

சங்கிலி அதற்குமேல் ஒரு தகரமும் கழற்றவில்லை. நான் பலகையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தறப்பாளுக்குள் அதை விரித்ததும், தாய் பழக்கியபடி சுகந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா சரிப்பண்ணிப்போட்டா, அப்பா" என்றாள்.

பங்குனியில் மாத்தளனில் சுகந்தினியும் போய்விட்டாள். காயப்பட்ட அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் கைகளிலேயே போனாள். பலகையை அவளோடு பதுங்குகுழியில் வைத்து மூடினேன்.

இப்போது வவுனியாவில் முகாம் கூடாரத்தில் இருக்கிறேன். நடுப்பகலில் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். அசையாது. சித்திரையிலிருந்து அதன் பக்கத்தில், சற்றுத் தாழ, இன்னொன்றும் வருகிறது.

அது சிமிட்டுகிறது.

கடைசியாக மகளைத் தொட்டது என் வெறுங்கை. சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கழுவினாலும் இந்த விரல்களில் உப்புக் கரிக்கிறது.

நேற்று மத்தியானம் கூடாரத்துக்குள் ஈயப்புகை மணத்தது.