உங்கள் நடத்தை காரணமாக

அக்காவின் கணினி விசைப்பலகை மேல் எட்டு மாதமாக அசையாமல் உட்கார்ந்திருந்த பிளாஸ்டர் தாடை, அன்று சாயங்காலம் மேசையின் மறுகோடியில் இருந்தது. கீழே விழுந்திருந்தால் பல் உடைந்திருக்கும். ஒரு பல்லும் உடையவில்லை. யாரோ பத்திரமாக எடுத்து வைத்த மாதிரி, பற்கள் மேலே பார்த்தபடி சுவரோரமாக இருந்தது. வீடு பூட்டியிருந்தது, சாவி அவன் சட்டைப் பையில். மின்விசிறிக் காற்றில் நகர்ந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அரைக் கிலோ பிளாஸ்டரை எந்தக் காற்று நகர்த்தும் என்று மனசின் இன்னொரு பக்கம் கேட்டதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல் செட் செய்வது அவன் தொழில். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, ஊர் பேர் தெரியாதவர்களின் வாய்களோடு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பான். அளவு கொடுத்துவிட்டுத் திரும்பி வராத யாருடைய மேல்தாடையோதான் இது. அதை அக்காவின் விசைப்பலகையில் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பத்து நிமிடம் எந்த விசையும் அழுத்தாமல் இருந்தால் அந்த விளையாட்டு ஆளை வெளியே தள்ளிவிடும், உள்ளே இருக்கும் உருவமும் மறைந்துபோகும். அக்கா மறைந்துபோகக் கூடாது.

கடலோரத் தீவு ஒன்றில் வீடு கட்டி வாழ்கிற விளையாட்டு அது. கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பதற்குள் நாலு தரம் மூச்சு வாங்கிய அக்காவுக்காக, ஆளுக்கு ஒரு கணக்காக இரண்டு வாங்கினான். தீவில் அவள் ஓடினாள். "நோஞ்சான் எல்லாம் அந்தக் கட்டில்ல. இங்க நான் குதிரைடா" என்பாள். இரண்டு பேருமாகப் பலகை பலகையாக அடுக்கி ஒரு வீடு கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று தன் உருவத்தை அந்த வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். போனவள் வரவில்லை. உருவம் மட்டும் அங்கேயே படுத்திருந்தது.

வேலை முடிந்து வந்ததும் தன் அறைக் கணினியைத் திறந்து, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். எந்த மருத்துவர் திட்டினார், எந்தப் பல் கோணிப்போனது என்று எல்லாம் சொல்வான். கிளம்பும் முன் அவள் கையைப் பிடித்து, "எழுந்திரு அக்கா" என்பான். நாற்பது வயசு ஆம்பிளை செய்கிற காரியமா இது என்று அவனுக்கே தெரியும். ஆனால் இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

தாடையை மறுபடி விசை மேல் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த தன் அறைக்கு வந்து உட்கார்ந்தான். கடலுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் திரை வந்தது. உங்கள் நடத்தை காரணமாக, நீங்கள் வாங்கிய விளையாட்டுகளுக்கான அனுமதி நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. இன்னொருவரைத் தொடர்ந்து துன்புறுத்தியதாகப் புகாராம்.

முதலில் சிரித்துவிட்டான். அந்தத் தீவில் அக்காவைத் தவிர வேறு யாரோடும் அவன் வாய் திறந்ததே இல்லை. பிறகு கோபம் தலைக்கேறியது. வாங்கிய நாற்காலியில் நீ ஒழுங்காக உட்காரவில்லை என்று கடைக்காரன் வீடு புகுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவானா? நாற்காலியாவது பரவாயில்லை, இவர்கள் தூக்கிக்கொண்டு போனது அவன் அக்கா இருக்கும் ஒரே இடத்தை.

நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகத்தான் பேசினாள். மொத்தம் முப்பத்தேழு புகார், எல்லாம் ஒரே ஆள் கொடுத்தது, பெயர் சொல்ல விதி இடம் தராது என்றாள். பெயர் வேண்டாம், அந்தத் தீவு வீட்டில் இருப்பதே இரண்டு பேர், ஒருத்தன் நான், இன்னொருத்தி செத்து எட்டு மாசம் ஆகிறது என்றான் இவன். எதிர்முனையில் அவள் எதையோ தட்டச்சு செய்து பார்த்தாள்.

"சார், போன செவ்வாய்க்கிழமை நான்தான் அவங்ககிட்ட பேசினேன்."

"எப்படிப் பேசினாங்க?"

"மெதுவா. மூச்சு வாங்கி வாங்கி."

தடை செய்யப்பட்டவருக்குப் புகாரின் ஒலிப்பதிவைக் கேட்க உரிமை உண்டு, கேட்கிறீர்களா என்றாள். அவன் ஊம் என்றான். முதலில் மூச்சுதான் வந்தது. உள்ளே போகும்போது ஒரு கீச்சல், வெளியே வரும்போது ஒரு கரகரப்பு. ஒரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராப்பகலாகக் கேட்ட அதே மூச்சு.

"அவன் கெட்டவன் இல்லம்மா. எலிக்குட்டின்னு கூப்பிடுவேன். ஆனா என்னைப் போக விடமாட்டேங்கிறான். கண்ண மூடவே விடமாட்டேங்கிறான். தினமும் வந்து கையப் புடிச்சு இழுக்கிறான். வலிக்குதுன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்களாவது அவனை வெளிய நிறுத்துங்க."

எலிக்குட்டி. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு யாரும் இல்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். சின்ன வயசில் பீரோக் கண்ணாடியை அவன் உடைத்தபோது, நான்தான் உடைத்தேன் என்று அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள். ஒரு தரம்கூட அவனைக் காட்டிக்கொடுத்தது கிடையாது. இப்போது முகம் தெரியாத ஒருத்தியிடம், ஒன்றல்ல, முப்பத்தேழு தரம் அவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். சோறு ஊட்டி, தலை துவட்டி, அவளுக்காகக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இருந்ததற்கு இதுவா பதில்? ஆஸ்பத்திரியில் போதுமா என்று மருத்துவர் கேட்டபோது அவள் கையசைத்துப் போதும் என்றாள். இவன்தான் விடவில்லை. கையெழுத்துப் போட்டு இன்னும் ஒன்பது நாள் மூச்சு இயந்திரத்தில் வைத்தான். அவளுக்காகத்தான் வைத்தான். அப்படித்தான் இந்த நிமிஷம் வரை நினைத்திருந்தான்.

போனை வைத்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குழாயில் சொட்டும் தண்ணீர், தெருவில் யாரோ வண்டியை உதைக்கும் சத்தம், விரலில் ஒட்டிய மெழுகின் வாசனை என்று எல்லாம் வழக்கம்போலவே இருக்க, அவற்றுக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கீச்சல் உள்ளே போய் ஒரு கரகரப்பாய் வெளியே வந்தது.

எழுந்து போனான். அக்காவின் அறையில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடித்தது. நாற்காலி காலியாக இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. அவள் கணக்கை யாரும் தடை செய்யவில்லை. அவளைப் போலத் தானே உள்ளே போய், புகாரைத் திரும்ப வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. அவள் பெயரில் ஒரு வரி எழுதினால் போதும். உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான்.

திரையில் பலகைக் கூரை தெரிந்தது. கட்டிலில் படுத்திருப்பவர் பார்க்கும் கூரை. இத்தனை நாளில் இந்தப் பக்கமிருந்து அவன் பார்த்ததே இல்லை. எழ வைக்கும் விசையை அழுத்தினான். எழவில்லை. மறுபடி அழுத்தினான்.

காதில் ஒரு குரல் கேட்டது. அவனுடைய குரல்.

"எழுந்திரு அக்கா."

ஒரு முகம் குனிந்தது. அவன் உருவம். வெளியே தள்ளப்பட்ட அதே உருவம். அது கையை நீட்டியது.

மணிக்கட்டில் வலித்தது. திரையில் இல்லை. இங்கே. எலும்பு வரை.

ஹெட்போனைக் கழற்றப் பார்த்தான். கை வரவில்லை. கண்ணை மூடப் பார்த்தான். இமை இறங்கவில்லை. விடு என்று சொல்ல வாயைத் திறந்தான். கீச்சல்தான் வந்தது. பிறகு கரகரப்பு.

அதன் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். அதுவும் அவன்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று. நேற்று வந்தவன். முந்தாநாள் வந்தவன். போன மாசம் வந்தவன். எந்தச் சாயங்காலம் வந்தவனும் திரும்பிப் போகவே இல்லை. கதவு வரை நின்றார்கள். கதவைத் தாண்டி, மணலைத் தாண்டி, அலை நுரைக்கும் இடம் வரை வரிசையாக நின்றார்கள். எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது.

"எழுந்திரு அக்கா."

முதலில் நின்றவன் பிடித்த மணிக்கட்டை விடாமலே கொஞ்சம் நகர்ந்து, அடுத்தவன் பிடிப்பதற்கு இடம் கொடுத்தான்.