அதுவும் ஆட்டம்தான்

அலமாரிக்குள் சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சூடு. மாதக்கணக்காக ஆள் குடியில்லாத வீடு. படுக்கையறைச் சுவரில் பதித்த மர அலமாரி. உள்ளே ஒரு துணிகூடக் கிடையாது. அவள் கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஈரத் தலைமுடியின் வாடை.

"டேய், இதுக்குள்ள யாராவது உக்காந்திருந்தாங்களா?"

"எலிகூட வாடகைக்கு வராத வீடுக்கா இது." தம்பி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னிக்குக் கடைசி ஆட்டம். நாளைக்குச் சாவியக் குடுக்கணும். பயத்த எல்லாம் அப்புறமா வெச்சுக்க."

கதவு, விளக்கு, வரவேற்பு எல்லாம் அவன் பொறுப்பு. அவள் ஆடுவாள். மேடை கிடையாது. காலி வீடுகளில் நாலே பேருக்கு, அவர்கள் முழங்காலில் பாவாடை உரசும் நெருக்கத்தில் ஆடுவாள். கூடத்தில் தொடங்கும் ஆட்டம் இந்த அலமாரியில் முடியும். அவள் உள்ளே போனதும் தம்பி வெளியே சங்கிலி மாட்டுவான். கதவு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் அவளுடைய ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடும். உள்ளேயிருந்து காப்பாற்றச் சொல்லி அலறுவாள். பிறகு இருட்டு. தம்பி சங்கிலியை எடுத்துவிடுவான். விளக்கு எரியும்போது, கூந்தலால் முகத்தை மூடிக்கொண்டு அவள் வெளியே நிற்பாள்.

முதல் ஆட்டத்தில் ஓர் அம்மாள் பதறிப்போய்க் கதவைத் திறந்து காரியத்தையே கெடுத்துவிட்டார். அன்று கோபத்தில் அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் தம்பி இப்போதும் வாசலில் ஒப்பித்தான்: "அவங்க கத்தினாலும் கெஞ்சினாலும் எழுந்திரிக்காதீங்க. அதுவும் ஆட்டம்தான்."

ஆடும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. தரையின் சில்லிப்பு, நாற்காலிகளின் மெல்லிய கிறீச்சல், யாரோ எச்சில் விழுங்கும் ஓசை, சமையலறைக் குழாயின் சொட்டு, இவற்றின் நடுவே அவள் நிழல் சுவரில் அவளோடு வளைந்து நிமிர்ந்தது. ஆனால் படுக்கையறைக்கு வந்தபோது அந்த ஈர முடி வாடை அவளுக்கு முன்பே அங்கே இருந்தது. நாலு பேரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனாள்.

வெளியே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. அவள் கையை வெளியே நீட்டினாள். விரல்கள் விரிந்தன.

அவள் மணிக்கட்டுக்குக் கீழே இன்னொரு கை வெளியே போனது.

அதே வளைவு. அதே விரல்கள். வெளியே யாரோ "அம்மாடி!" என்று வியந்தார்கள். அவள் கையை உள்ளே இழுத்தாள். சூடான விரல்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"கதவத் தொறங்க!"

யாரும் அசையவில்லை.

"ஐயோ, நிஜமாவே சொல்றேன்! குட்டி, தொறடா!"

தம்பியை வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர். இடைவெளி வழியே அவன் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தான். பெருமையில். எழப்போன ஒருவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சிரித்தான்.

விளக்கை அணைத்தான்.

சங்கிலி கழன்றது. ஏதோ அவள்மேல் ஏறிக் கடந்து போனது. கதவு மூடியது. மறுபடி சங்கிலி.

கதவிடுக்கில் வெளிச்சம்.

அறை நடுவே அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் உடையில், அவள் நிற்பதுபோலவே நின்றது. நாலு பேரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். வாசல் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"பின்னிட்டக்கா!" தம்பி அதன் கையைப் பிடித்தான். "என்னக்கா, கை இப்படிக் கொதிக்குது? வா, வீட்டுக்குப் போலாம்."

"குட்டி! நான் இங்க இருக்கேன்டா! அது நான் இல்லடா!"

அவன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு எட்டு வைத்தான்.

"உன் குரலப் பதிவு பண்ணி உள்ள வெச்சியா? சொல்லவே இல்ல!"

"அதுவும் ஆட்டம்தான்," என்றது அது, அவள் குரலில்.

அவன் சிரித்துக்கொண்டே சுவிட்சை நோக்கி முன்னால் நடந்தான், சாவிக்கொத்தை ஆட்டியபடி. அவள் கதவை அறைந்தாள். நகம் பெயர்ந்தது. குட்டி. குட்டி.

அவன் பின்னால் போன அது நின்று, அலமாரியின் பக்கம் திரும்பியது. தலை திரும்பிய பிறகும் கூந்தல்தான் தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் கூந்தல். அதன் நடுவே, உதடு இருக்கவேண்டிய இடத்தில், மெதுவாக ஒரு விரலை வைத்தது.