ஒரு மிளகு வாடகை

நிலத்து உரிமையாளரிடமிருந்து வந்த கடிதம் ஈரமாக இருந்தது. இங்கிலாந்துக் கடலோரத்து ஹேஸ்டிங்ஸில் ஒரு வாரமாக மழையே இல்லை. லினெட் உறையை முகர்ந்து பார்த்தாள், மறுகணமே தூரத் தள்ளினாள். ராத்திரி முழுக்கக் குவளைத் தண்ணீரில் கிடந்த பல்செட்டின் வாடை. பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் படுக்கையறைச் சுவரிலிருந்தும் அதேதான் வந்துகொண்டிருந்தது.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கறை. சாப்பாட்டுத் தட்டு அகலம், வெளிறிய பழுப்பு, ஓரங்களில் ஈறு நிறம். பிளீச் ஊற்றித் தேய்த்தால் துணி வழுக்கும், ஆறிப்போன இறைச்சிக் கொழுப்பு மாதிரி ஏதோ விரலிடுக்கில் ஒட்டும், காலையில் பார்த்தால் கறை பழையபடி அங்கேயே, தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும். கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரே பாட்டுத்தான்.

"சுவத்துப் பூச்சு உங்களுதும்மா, செங்கல்தான் எங்களுது. லீஸை எடுத்துப் படிச்சுப் பாருங்க."

அழுகுவது பூச்சா செங்கல்லா என்று வந்து பார்க்க ஒரு ஆள் கிடையாது. விற்றுத் தொலைத்துவிட்டு லீட்ஸில் மகள் கெர்ரி வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும் என்பதைத் தவிர லினெட்டுக்கு வேறு ஆசையே இல்லை. ஆனால் ஃபிளாட்தான் அவளுடையது, மண் வேறொருவருடையது. அந்த நிலக் குத்தகையில், அதாவது லீஸில், மிச்சம் அறுபத்து நான்கு வருடம். அவ்வளவு குறைந்த லீஸைப் பார்த்தால் வங்கிகள் முகம் சுளிக்கும், வாங்க வருகிறவன் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். இன்னும் தொண்ணூறு வருடம் நீட்டி வாங்கினால்தான் இந்தச் சுவரிடமிருந்து தப்பிக்கலாம்.

லீஸை நீட்டக் கேட்டு நிலத்து உரிமையாளருக்கு வக்கீல் க்விலிம் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார். பதிவேட்டில் உரிமையாளரின் முகவரி என்று இருந்தது லினெட்டின் ஃபிளாட்டேதான். "எந்தக் காலத்துப் பதிவோ, யாரும் மாத்தல. சட்டப்படி அங்கதான் அனுப்பியாகணும்," என்றார் அவர். இரண்டு நாளில் நோட்டீஸ் அவள் கதவுத் தபால் துவாரம் வழியாகவே உள்ளே வந்து விழுந்தது. இதென்ன கூத்து என்று படுக்கையறை மேசையில் போட்டாள். விடிந்து பார்த்தால் காணோம். மேசையிலிருந்து சுவர்வரை நத்தை ஊர்ந்த மாதிரி ஒரு தடம் காய்ந்துகிடந்தது. நத்தையாகத்தான் இருக்கும் என்று துடைத்துவிட்டாள்.

இப்போது இந்தப் பதில். க்விலிம் அதை விரல்நுனியால் பிரித்துப் படித்தார்.

"நல்ல ராசிம்மா உங்களுக்கு. மத்தவங்க எல்லாம் பேரம் பேசியே உயிரை வாங்குவாங்க. இவரு எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு. ஒரே ஒரு வரி சேர்த்திருக்காரு."

"என்ன வரி?"

"நீட்டின லீஸுக்கு நிலவாடகை வருஷத்துக்கு ஒரு மிளகு. அது பேருக்கு எல்லாரும் எழுதுறதுதான், கேட்டா குடுக்கணும். இவரு, 'வீட்டிலேயே, கையால்'னு போட்டிருக்காரு."

"யாராவது கேட்டிருக்காங்களா சார்?"

"இருபத்தெட்டு வருஷத்துல நான் பார்த்ததில்ல. ஒத்த மிளகை வாங்கி என்ன பண்ணுவாங்க, சூப் வைப்பாங்களா?"

லினெட் வாய்விட்டுச் சிரித்தாள். யோசிக்கும்போதெல்லாம் செய்வதுபோல, காதுக்குக் கீழே கழுத்திலிருந்த கறுத்த மருவை உருட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நூற்று ஐம்பத்து நான்கு வருடம். திரும்பும் வழியில் தனக்குத்தானே ஒரு கேக் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு தம்பதி வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையிலேயே ஜன்னல்களைத் திறந்து, கறையின் மேல் பெரிய கடற்கரைப் படம் ஒன்றை மாட்டி வைத்தாள். பதினொன்றரைக்குப் படம் தரையில் கிடந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு ஈரக் காகிதம்.

இன்று. ஒரு மிளகு. கையால்.

க்விலிமுக்குப் போன் போட்டாள்.

"யாரோ விளையாடுறாங்கம்மா," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எதுக்கும் ஒண்ணு குடுத்துருங்களேன். குடுக்கலேன்னா லீஸையே முறிக்கப் பார்ப்பாங்க. வீடு விக்கிற நேரத்துல எதுக்கு வம்பு?"

சமையலறை அலமாரியைக் குடைந்தாள். முழு மிளகு ஒன்றுகூட இல்லை. டப்பாவில் வெள்ளை மிளகுப் பொடிதான் இருந்தது, பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் அதுதான் மிளகு. கடைக்கு ஓட நேரமில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள்.

கறையின் குறுக்கே ஒரு பிளவு. அது விரிந்தது. பூச்சு உதிரவில்லை; உதடு பிரிவதுபோல மெதுவாக, நூல் நூலாக எச்சில் இழுபட்டு விரிந்தது. பல்செட் வாடை முகத்தில் அறைந்தது. உள்ளிருந்து சாம்பல் நிறத்தில், அவள் கையளவு அகலத்தில், வெள்ளைப் படலம் பூத்த ஒரு நாக்கு வெளியே வந்து, நுனியைக் குழித்துக்கொண்டு நின்றது. காத்திருந்தது.

 கண்ணை மூடிக்கொண்டு பொடியை அதன் மேல் தட்டினாள்.

நாக்கு உள்ளே போனது. சப்புக்கொட்டும் ஓசை. பிறகு ஒரு காறல். வெதுவெதுப்பான கூழ் ஒன்று அவள் செருப்பில் வந்து விழுந்தது.

மறுபடி நாக்கு.

இப்போது அது நிற்கவில்லை. அவள் உள்ளங்கையை நக்கியது. மணிக்கட்டு. முழங்கை. சொரசொரப்பு. கத்த வாய் திறந்தாள், வாடை தொண்டைக்குள் இறங்கியது. தோள். கழுத்து. காதுக்குக் கீழே வந்து நின்றது. அங்கிருந்த மருவைத் தடவிப் பார்த்தது.

ஒரே சுண்டு.

வலிக்கவே இல்லை. சுவர் மூடிக்கொண்டது.

வாசலில் மணி அடித்தது. "ஹலோ? வீடு பார்க்க வந்திருக்கோம்!" என்றது ஒரு பெண்குரல். லினெட் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மரு இருந்த இடம் குழந்தைத் தோலாக வழவழவென்றிருந்தது. இந்த வருட வாடகை கட்டியாகிவிட்டது, லீஸ் பத்திரமாக இருக்கிறது, கதவைத் திறந்தால் போதும், லீட்ஸ் போய்விடலாம் என்று நினைத்தபடி சட்டைக் காலரை இழுத்துவிட்டாள்.

காலருக்குக் கீழே நெருடியது. பித்தானைக் கழற்றினாள். மார்பில், தோளில், வயிற்றில், வரிசை வரிசையாக மருக்கள், கறுப்பாக, உருண்டையாக, சுருக்கம் விழுந்து. மணி மறுபடி அடித்தது. அவள் எண்ணினாள். முதுகைக் கண்ணாடிக்குத் திருப்பி அங்கேயும் எண்ணினாள்.

நூற்று ஐம்பத்து மூன்று.