செந்நகர்ப் பூங்காவின் புல்

செவ்வாய்க் கோளின் செந்நகரில், கோடை வந்தால் சனங்கள் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய்ப் புல்லைச் சேவித்துவிட்டு வருவார்கள். நகரை மூடிய கண்ணாடிக் கவிகைக்குள் இருந்த ஒரே புல்தரை அது. கோடையில் மட்டும் கவிகையின் கவசம் விலகும். நிஜ வெயில் புல்மேல் விழும். புல்லைச் சுற்றிய கண்ணாடிச் சுவருக்கு இப்பால் வரிசையில் நின்று பார்க்க வேண்டியதுதான். "பார்த்தாச்சுல்ல? நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட இயந்திரன்கள் இருந்தன.

சுவர் எழுப்பியவர் பூங்காச் சங்கத் தலைவர் பூவராகன். திறந்துவிட்டால் சமோசாக் காகிதமும் கிரிக்கெட்டுமாக ஒரே வாரத்தில் புல் மொட்டைத் தரையாகிவிடும் என்பது அவர் கணிப்பு. மனிதர்களை நன்றாக அறிந்தவர். அவரும் அதே சாதிதானே.

வம்பு வீட்டிலிருந்து வந்தது. குறைந்த ஈர்ப்பில் நெடுங்காலம் வாழ்ந்தால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். அவர் மனைவி தமயந்திக்கு அது தொடங்கியிருந்தது. அடுத்த கோடை வர இரண்டு பூமி வருடமாகும். அதற்குள் உணர்ச்சி முழுக்கப் போய்விடும் என்றார் மருத்துவர்.

"ஒரே ஒரு தடவைங்க. வெறுங்காலோட அந்தப் புல்லுல நடக்கணும்."

"தலைவர் பெண்டாட்டிக்குத் தனிச் சட்டமான்னு ஊரே கேட்கும், தமயந்தி."

"கேக்கட்டுமே. நீங்க தலைவரா இருந்து நான் என்னத்தைக் கண்டேன்? வர்ற பொன்னாடையை மடிச்சு வைக்கிறதுதான்!"

பூவராகன் ஏதாவது குறுக்குவழி உண்டா என்று பூங்காவுக்குப் போனார். உள்ளே புல்பேணி இயந்திரன் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. புல் லேசாக வெளுத்திருந்தது.

"யோவ், என்ன பண்றே?"

"மிதிக்கிறேன் ஐயா. இது பூமியின் பூங்காக்களுக்கென்றே உருவாக்கிய இனம். மிதிபட்டால்தான் வேர் இறுகும். நான் ஒருவன் மிதிப்பது போதவில்லை. சங்கத்துக்குப் பலமுறை சொன்னேன்."

"சங்கம் என்ன சொல்லிச்சு?"

"'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை அனுப்பினீர்கள்."

அன்றே அவசரக் கூட்டம் போட்டார். சுவர் இறங்கியது. புல்லைக் காப்பாற்ற, குடிமக்கள் ஒவ்வொருவரும் தினமும் அரைமணி நேரம் வெறுங்காலோடு மிதித்தே ஆக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

முதல் நாள் தேர்த்திருவிழாக் கூட்டம். ஒரு கால் வைக்கக்கூட இடமில்லாமல் தமயந்தி ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினாள். மறுநாளும் அப்படியே. பிறகு, கூட்டம் குறையட்டும் என்று வீட்டிலேயே காத்திருந்தாள். ஆனால் கட்டாயம் என்ற சொல் மெதுவாக வேலை செய்தது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி, ஒருவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு யாரோ ஒரு கெட்டிக்காரர், தம் சார்பில் வீட்டு இயந்திரனை அனுப்பிவைத்தார். யோசனை ஊருக்குப் பிடித்துப்போயிற்று.

கோடை முடிய ஒரு வாரம் இருந்தபோது கணவனும் மனைவியும் போனார்கள். புல் செழித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு மனிதரும் இல்லை; நூற்றுக்கணக்கான இயந்திரன்கள் உலாத்திக்கொண்டிருந்தன.

"சோம்பேறிப் பசங்க! புல்லைப் பார்க்க இவங்க முண்டியடிச்சதென்ன, இப்போ..." என்று பூவராகன் கொதித்தார்.

அப்போது ஓர் இயந்திரன் அவர் முன் நின்று வணங்கியது. நெஞ்சில் 'பூவராகன் சார்பாக' என்ற வில்லை. "வணக்கம் ஐயா. இன்றைய உங்கள் அரைமணியை முடித்துவிட்டேன்."

தமயந்தி கணவனைப் பார்த்தாள். கணவர் கவிகையைப் பார்த்தார்.

"இல்ல... சங்க வேலை கொஞ்சம்..."

அவள் காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். ஓரடி, இன்னோரடி. கண்ணை மூடி நின்றாள். பூவராகன் ஓரத்தில் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார்.

"தெரியுதா?"

"பொறுங்க..." கால்விரல்களைப் புல்லில் அழுத்திவிட்டு, "லேசா. ஈரம் மட்டும் தெரியுது" என்றாள்.

அவர் அவசரமாகத் தம் காலணியை உதறி உள்ளே காலை வைத்தார். "ஆ! குத்துதே!"

"குத்துதா?" தமயந்தி சிரித்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்து வச்சவரு நீங்க."