ஆளில்லாத அறையில் விளக்கு எதற்கு?

வந்து சேர்ந்த அன்றே அந்தக் குளிர் அறையின் விளக்கை அவள் அணைத்துவிட்டாள்.

அவள் வளர்ந்த விதம் அப்படி. ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும். "ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்கு?" என்று அம்மா கத்திக் கத்திப் பழக்கியது. கடல் தாண்டி ஆராய்ச்சி மாணவியாக வந்த பிறகும் அது விடவில்லை. அணைக்கும்போது வாயும் சேர்ந்து அதையே முணுமுணுக்கும்.

ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில், நீண்ட வராந்தாவின் கோடியில் இருந்தது, மாதிரிகள் கெடாமலிருக்க ஃபிரிட்ஜ் போலக் குளிரூட்டிய அந்த அறை. தடித்த இரும்புக் கதவு, வெளிப்பக்கம் ஸ்விட்ச். உள்ளே வரிசையாக அலமாரிகள், ஓயாமல் இரையும் மின்விசிறி, காயாத துணியின் வாடை. அவளுடைய பெட்டியும் அங்கேதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த ரத்த மாதிரிகள். விமானத்தில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. அவை கெட்டால் பட்டமும் போச்சு, பட்ட பாடும் போச்சு.

மறுநாள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்தப் பொறுப்பில்லாத ஜென்மமோ என்று திட்டிக்கொண்டே அணைத்தாள். அதற்கடுத்த நாளும் எரிந்தது. அணைக்கப் போன கையை யாரோ பிடித்தார்கள்.

அக்காதான். அங்கே தமிழ் பேசும் ஒரே சீனியர். எப்போதும் கிண்டலும் கேலியுமாக இருப்பவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"இதை மட்டும் அணைக்காதே."

"ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்குக்கா?"

"ஆளில்லைன்னு உனக்கு யார் சொன்னது?"

பிறகு மெல்லச் சொன்னாள். சில வருஷங்களுக்கு முன், இவளைப் போலவே வந்த மாணவன் ஒருவன். நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் அவன் உள்ளே இருந்தது தெரியாமல் யாரோ விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டாக இருக்கிறதே, ஆளில்லை என்று காவலாளி பூட்டிவிட்டார். விடுமுறை முடிந்து திறந்தபோது அவன் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவுக்குப் பூட்டே போடுவதில்லை, விளக்கையும் அணைப்பதில்லை.

"கத்தியிருக்கான்டி. உயிர் போற நேரத்துல தமிழ்தானே வரும்? காவலாளி காதுல விழுந்திருக்கு. என்னமோ புரியாத பாஷையில யாரோ போன்ல பேசறாங்கன்னு போயிட்டாராம்."

ஆனாலும் பெட்டி உள்ளே இருக்கிறதே. போகாமல் முடியுமா?

குளிர்காலம். மதியம் கழிந்ததுமே வெளியே இருட்டிவிட்டது. அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

விளக்கு அணைந்தது.

மின்விசிறியும் நின்றது. அவள் மூச்சு அவளுக்கே கேட்டது.

பிறகு இன்னொரு மூச்சு.

கழுத்துக்குப் பின்னால், மிக அருகில். அந்தக் குளிரை விடக் குளிர்ந்த மூச்சு. பெட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு அலமாரிகளில் இடித்து மோதி, கதவைத் தோளால் தள்ளி வராந்தாவில் வந்து விழுந்தாள். அங்கே ஈ காக்கா இல்லை. ஸ்விட்ச் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது.

இனி அந்த அறைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தாள். மேல்மாடியில் அவள் மேஜையருகே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் சும்மா கிடந்தது. அக்காவே அதைத் துடைத்துக் கொடுத்து, குளிரைச் சரிபார்த்து, பெட்டியை உள்ளே வைத்தாள். மாதிரிகள் ஒன்றும் கெடவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி பயமில்லை, போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்லிவிட்டு அக்கா முன்னால் கிளம்பினாள்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. "ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்கு" என்று வாய் முணுமுணுத்தது.

அறை இருண்டது.

மூடிய ஃபிரிட்ஜ் கதவின் விளிம்பைச் சுற்றி மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடு. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

காயாத துணியின் வாடை.

டொக். டொக்.

உள்ளேயிருந்து.

பிறகு ஒரு குரல், கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"ஆள் இருக்கேன்."