இடப்பக்கத்து ஸ்டூல்

பத்மா காரிலிருந்து இறங்கியபோது ஆண்டர்சன்பேட்டையே எங்கள் நாடகக் கொட்டகை வாசலில் நின்றது. மெட்ராஸில் டி.வி. வந்த மறுவருஷம் அது. மேடை, சினிமா, இப்போது டி.வி. நாடகம் என்று மூன்றிலும் பேர் வாங்கிய நடிகை, எங்கள் தொழிலாளர் சபாவின் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குத் தானே கேட்டு வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

நான் பாபு. பஜாரில் ஜவுளிக்கடை. சபாவில் பிராம்ப்டர். நடிகர்கள் வசனம் மறந்தால் சைடு படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பவன். நடிக்கத்தான் சேர்ந்தேன்; என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

"இன்னா பாபு, நீங்கதான வசனம் எடுத்துக் குடுக்கறவரு?" என்று நேராக என்னிடம்தான் வந்தாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா பிராம்ப்டர்? ஒரு வரிகூட மறக்காத ஆளுன்னு பேப்பர்ல போட்டுகினே இருக்காங்களே."

அவள் சிரிக்கவில்லை. என்னை மேடையின் இடப்பக்கத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பழைய ஸ்டூல் கிடக்கும். அதில் யாரும் உட்கார்வதில்லை. நானும் வலப்பக்கம்தான் உட்காருவேன். அது ஏனோக்கின் ஸ்டூல்.

எங்களூருக்குத் தெரிந்த கதைதான். பத்மா இந்த ஊர்ப் பெண். முதல் நாடகம் இதே மேடையில். வசனம் மனசில் நிற்காமல் தடுமாறிய புதுப் பெண்ணுக்காக, பிராம்ப்டர் ஏனோக் தங்கச் சுரங்க ஷிப்டுக்கு நேரமாகியும் எழுந்திருக்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ஓடினார். கடைசிக் காட்சியில் தரை குலுங்கியது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்திருந்தது. கூட்டம் முழுக்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடிவிட்டது. ஏனோக் மேலே வரவேயில்லை.

அன்றைக்கு மங்களம் பாடாமலே படுதாவை இறக்கிவிட்டார்கள். மங்களம் பாடாத நாடகம் முடியாத நாடகம் என்பது மேடையேறிய எல்லோருக்கும் தெரியும். அந்த அழுகையில் யாருக்கு ஞாபகம் வரும்?

"மறுநாள்லேர்ந்து இந்தக் காதுல," என்று இடது காதைத் தொட்டாள். "ஏனோக்கண்ணன் சொல்லிக்கினே இருக்காரு பாபு. மேடையில, கேமரா முன்னாடி, எல்லா எடத்துலயும். நான் எதையும் மனப்பாடம் பண்ணதே இல்ல."

"நல்லதுதானேம்மா" என்று சொல்லிவைத்தேன்.

"இப்ப வீட்லயும் சொல்றாரு. தண்ணி வேணும்னு நான் நெனைக்கறதுக்குள்ள அவரு சொல்லிடறாரு. நான் அதைத்தான் பேசறேன். கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னது நானா, அவரான்னுகூடத் தெரியல. எனக்குன்னு ஒரு பேச்சு வேணும் பாபு. ஒரே ஒரு பேச்சு."

அதே நாடகத்தை அதே மேடையில் முடித்து, மங்களம் பாட வேண்டும். ஏனோக்கின் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரி வரை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அவள் கேட்டது. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனசு வரவில்லை.

மத்தியானமே நாடகம் தொடங்கியது. முதல் காட்சிகளில் ஒன்றுமில்லை. கடைசிக் காட்சியில் ஈர மண் வாசனை வந்தது. கூடவே வெடிமருந்துப் புகை நெடி. வெளியே நல்ல வெயில். படுதாவுக்குப் பின்னால் மட்டும் இருட்டு கூடிக்கொண்டே போனது.

நான் அடுத்த வரியைப் படிக்க வாயெடுத்தேன்.

அதற்குள் பத்மா பேசிவிட்டாள்.

அதற்கடுத்த வரியும் அப்படியே.

என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். தூசி அடைத்த நெஞ்சின் மூச்சு. சுரங்கத்துக்காரர்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடைசி வரி வரை படித்தேன். எங்கள் சபா ஆர்மோனியக்காரர் முனிரத்தினம் மங்களத்தை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

மூச்சு நின்றது.

மேடை நடுவே பத்மா காதைப் பொத்தினாள், விட்டாள், மறுபடி பொத்தினாள். அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"பசிக்குது."

ஆண் குரல். முனிரத்தினம்தான் என்று திரும்பினேன். அவர் இன்னும் மேடையில் இருந்தார்.

"பசிக்குது!" என்றாள் பத்மா. "பாபு, எனக்கே பசிக்குது! யாரும் சொல்லல, நானே சொன்னேன்! காது காலியாயிடுச்சு!"

குழந்தை மாதிரி குதித்தாள். சாப்பாட்டை வாங்கி உட்கார்ந்து ஒரு பிடி விடாமல் தின்றாள். என் சாப்பாடு அப்படியே இருந்தது.

பொழுது சாயக் கார் கிளம்பியது. அவளுக்கு முன்னால் எனக்குக் கேட்டதைச் சொல்லிவிடலாமா என்று வாசல்வரை தவித்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் கழித்துச் சிரிக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போது அந்த வாசனை வந்தது. ஈர மண்.

என் இடது காதோரம், மெதுவாக:

"இனிமே நான் பேசறதெல்லாம் என் பேச்சுதான் பாபு."

பத்மா கார் ஜன்னலில் தலையை நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே நான் பேசறதெல்லாம் என் பேச்சுதான் பாபு" என்றாள்.