அவுட் போடாத மூன்று பேர்

விரலை எடுத்த பிறகும் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. லேப்டாப் திரையில் அது இன்னும் இரண்டு அங்குலம் ஊர்ந்துபோய், மனமில்லாமல் நிற்பதை மனோகரன் எரிச்சலோடு பார்த்தான்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"நேத்து மத்யானத்துலேர்ந்து சார்," என்றாள் தேவகிருபை. "அதுவரைக்கும் நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு. இப்ப இன்னா அமுக்கினாலும் அந்த மணல் கடியாரம் வந்து குந்திக்குது."

"குந்திக்குது இல்ல. உட்கார்ந்துக்குது."

அவள் ராயபுரத்துக்காரி. எண்ணூரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் பதினோரு வருடமாக, உள்ளே வருகிறவர்களுக்கு 'இன்', வெளியே போகிறவர்களுக்கு 'அவுட்' போடுவதுதான் அவள் வேலை. மனோகரன் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். பிறந்தது தண்டையார்பேட்டை. அந்த ஊர்ப் பேச்சை வாயிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு அண்ணா நகருக்குக் குடிபோனவன். அதே பேச்சை இன்னொருவர் வாயில் கேட்டால் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். கீபோர்டின் இடுக்கில் முறுக்குத் தூள். திரையின் ஓரத்தில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். மேனேஜர் ஆறு வருடம் ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட லேப்டாப்; இவர்களுக்கு அதுவே அதிகம். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவன் வேலையைத் தொடங்கினான்.

"நான் கெளம்பட்டா சார்? மழ இருட்டிகினு வருது." பையை எடுத்தவள் தயங்கினாள். "இன்னொண்ணு சார். உள்ள கீற ஆளு எண்ணிக்கைய அது ஜாஸ்தியா காட்டுது."

"நீங்க தப்பா அடிச்சிருப்பீங்க."

"நான் அடிக்கல சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மணி மூன்று. அரை ஷிஃப்ட் முடிந்து ஆலை ஓய்ந்திருந்தது. கொதிகலன் ஆறும்போது எழும் டிக் டிக் ஓசையும், தூரத்தில் கடல் புரளும் சத்தமும், ஜன்னல் தகரத்தில் விழுந்த முதல் சில துளிகளும் தவிர எதுவும் கேட்கவில்லை. மேகம் இறங்கி வந்து அந்த அறையை மாலை ஆறு மணி போல ஆக்கியிருந்தது.

தேவையில்லாத புரோகிராம்களை நீக்கினான். குப்பைக் கோப்புகளை அழித்தான். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டான், ஒன்றும் இல்லை. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. ஃபேனில் அடைத்திருந்த தூசியை ஊதினான். எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் எந்த புரோகிராம் இயந்திரத்தை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தான். வருகைப் பதிவேடு. தொண்ணூற்றொன்பது சதவீதம் அதுவே தின்றுகொண்டிருந்தது. நிறுத்தினான். அது தானாகவே மறுபடி எழுந்து ஓடத் தொடங்கியது.

பதிவேட்டைத் திறந்தான். மணல் கடிகாரம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேலே ஒரு வரி மட்டும் வந்தது.

உள்ளே இருப்பவர்கள்: 4.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேவகிருபை கேட்டைத் தாண்டியாகிவிட்டது. செக்யூரிட்டிகளுக்கு இதில் கணக்கில்லை. அவன் ஒருவன்தான். ஒன்று என்றல்லவா காட்டவேண்டும்? பெயர்களைக் காட்டு என்று தட்டினான். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல ஒவ்வொரு வரியாக மெல்ல மேலே வந்தது.

மனோகரன். டைம் ஆபீஸ்.

நீலமேகம். கழிவுத் தொட்டி.

பீம்ராவ். கழிவுத் தொட்டி.

கஸ்பார். கழிவுத் தொட்டி.

மூவருக்கும் இன், 14 ஜூன் 2003, காலை பத்து நாற்பது. அவுட் காலி.

மனோகரன் தேதியை மறுபடி படித்தான். அந்த மூன்று வரிகளை அழித்தவன் அவன்தான். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பேர், முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒருவர், தொட்டி கழுவ வந்த கான்ட்ராக்ட் ஆட்கள். அன்று மாலை மேனேஜர் போனில் அழிக்கச் சொன்னபோது, இவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "இவனுங்க வந்தா என்ன, வராட்டா என்ன சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே அழித்தான். இரும்பைத் திருடிக்கொண்டு சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள் என்று வீட்டாரிடம் சொல்லப்பட்டது. நீலமேகத்தின் மனைவி செங்கொடி ஒரு மாதம் கேட்டில் வந்து நின்றாள். அவளை விரட்டச் சொன்னதும் இவன்தான். தொட்டியை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

யாரோ விளையாடுகிறான். பழைய பேக்கப்பை எவனோ ஏற்றியிருக்கிறான். அதற்கெல்லாம் மூளை வேண்டும், இந்த ஆபீசில் எவனுக்கு இருக்கிறது? மூன்று வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தான்.

மணல் கடிகாரம் வந்தது. மழை வலுத்தது. ஃபேன் முனகியது. திரை வெளுத்து, மறுபடி மெல்ல நிறைந்தது.

நீலமேகம். கொதிகலன் பாதை.

பீம்ராவ். கொதிகலன் பாதை.

கஸ்பார். கொதிகலன் பாதை.

மறுபடி அழித்தான். இந்த முறை இன்னும் மெதுவாக வந்தது. ஒவ்வொரு எழுத்தாக. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். காத்திருப்பதைத் தவிர அந்த இயந்திரத்தோடு வேறொன்றும் செய்ய முடியாது.

நீலமேகம். கேன்டீன்.

பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரியில் ஓடியது. பேட்டரியைக் கழற்றப் பார்த்தான், அசையவில்லை.

பீம்ராவ். கேன்டீன்.

கஸ்பார். வராந்தா.

வெளியே வராந்தாவில் ஏதோ சொதசொதவென்று சிமெண்டில் பதிந்தது. எடுத்தது. பதிந்தது. சேறு நிறைந்த பூட்ஸ். பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னொன்று.

நின்றது.

கதவின் மறுபக்கம்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஜன்னலில் கம்பி. அழித்தால் வருகிறார்கள். அழிக்கக்கூடாது. அப்படியென்றால்? மூளை ஒரே ஒரு வழியைத்தான் காட்டியது. நீலமேகத்தின் பெயரில் அவுட் கட்டத்தைத் தட்டி நேரத்தை அடித்தான். 3:52. பீம்ராவ், 3:52. கஸ்பார், 3:52. சேமி.

மணல் கடிகாரம்கூட வரவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் சேமித்துவிட்டது.

உள்ளே இருப்பவர்கள்: 1.

லேப்டாப் புதிதாக வாங்கினதுபோல ஓடியது. அம்புக்குறி சொன்னபடி கேட்டது. வராந்தாவில் பூட்ஸ் சத்தம் திரும்பி, தேய்ந்து, மழையில் கரைந்தது. மனோகரன் நாற்காலியில் சரிந்தான். சிரித்தான். செத்தும் புத்தி வரவில்லை இவன்களுக்கு. போ என்றால் போகிறான்கள்.

இன்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து மாசானம், போன மாதம் சேர்ந்த தெற்கத்திக்காரன்.

"சார், மூணு பேரு வெளிய போறாவ. சிஸ்டத்துல அவுட் போட்டிருக்கு, அதான் விட்டுட்டேன். ஒடம்பு பூரா ஒரே சேறு. பேசவே மாட்டேங்காவ."

"விடு. போகட்டும்."

"ஒரு பேப்பர்ல எழுதிக் கேட்டாவ சார். ஒங்க வீட்டு விலாசம். டூட்டி புக்குல இருந்துச்சு, பாத்துக் குடுத்தேன்."

ரிசீவர் அவன் கையிலேயே இருந்தது. எண்ணூரிலிருந்து அண்ணா நகருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மழையில் இரண்டு. செல்போனைத் தேடி எடுப்பதற்குள் அதுவே ஒலித்தது. அவன் மனைவி மதி.

"என்னங்க, உங்க ஆபீஸ்லேர்ந்து மூணு பேர் வந்திருக்காங்க. ஹால்ல நிக்கிறாங்க. உட்காரச் சொன்னா உட்கார மாட்டேங்கறாங்க. தரையெல்லாம் கருப்பா..."

"இன்னா? இன்னா சொல்ற நீ? வெளிய வா! மதி, வெளிய வா!"

"கதவத் தொறந்ததும் அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம், குடலப் புடுங்கிச்சு. நல்லவேளை, இப்ப சுத்தமா நின்னுபோச்சு."

கழிவுத் தொட்டியில் ஊறும் அந்த வாயுவைப் பற்றித் தொழிற்சாலைச் சுவர்களில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை அவனேதான் அச்சடித்துக் கொடுத்திருந்தான். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டதென்று நினைக்காதே. உன் மூக்குதான் செத்துவிட்டது.

"மதி. ஓடு. மதி."

அங்கே அவள் போன் தரையில் விழுந்தது. ஏதோ கனமாக அதன் பக்கத்தில் விழுந்தது. இணைப்பு மட்டும் அறுபடவில்லை. காதோடு அழுத்திப் பிடித்திருந்த மனோகரனுக்கு, அவன் வீட்டு சோபாவின் ஸ்பிரிங் முனகுவது தெளிவாகக் கேட்டது. ஒருவர் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர்.

பிறகு இன்னொருவர்.